பாடுகளின் நடுவே சந்தோஷம்: புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மா இறந்த மூன்றாம் நாள், ஜெபம் பண்ண வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "விசுவாசிகள் இப்படி அழலாமா? சாட்சி கெட்டுப்போகுமே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வீட்டில் ஒரு முகமும் கோயிலில் ஒரு முகமுமாக நடமாடினேன். யாராவது "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டால், "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லும். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுவேன்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து பெரியம்மா வந்துதான் அதை நிறுத்தினார்கள். ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டி, "வெளிய வந்து அழுட்டி. அவருகிட்ட அழாம வேற யாருகிட்ட அழப் போற?" என்றார்கள். அப்புறம் பீரோ மேலிருந்த அம்மாவின் வேதாகமத்தை எடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு 13-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்..." அந்த வரியின் கீழே அம்மா எப்போதோ பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அம்மாவும் இதைக் கேட்டிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

புதிதாக விசுவாசத்துக்கு வந்து, வந்த கையோடு ஒரு துன்பத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்னு எழுதியிருக்கே, எனக்கு ஏன் அது வரமாட்டேங்குது?" அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தும் இதில் நான் கற்றுக்குட்டிதான். எனக்குக் கைகொடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எந்தச் சந்தோஷத்தைத் தேடுகிறோம்?

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது, பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதின நிருபத்தில், அதாவது கடிதத்தில், நாலாம் அதிகாரம், நாலாம் வசனம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் பூப்படத்தோடு இதைப் பார்த்தே பழகியவர்கள் நாம். எழுதியவர் அப்போது காவலில் இருந்தார் என்பதை அந்த அட்டை சொல்லாது. விடுதலையா மரணமா என்று அவருக்கே தெரியாது. அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் வெளியிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டால்தான் உண்டு. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் உதவி கொடுத்து அனுப்பினார்கள். வந்த மனிதர் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தார். அதைச் சொல்லும்போது பவுல், தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடிக்குத் தேவன் இரங்கினார் என்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்று சொன்ன அதே நிருபத்தில், அதே கையால், இதையும் எழுதுகிறார். துக்கமும் சந்தோஷமும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்த இடம்தான்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் (4:11). மனரம்மியம் என்பது பழைய மொழிபெயர்ப்பில் உள்ள அருமையான சொல். உள்ளது போதும் என்று மனம் அமர்ந்திருக்கும் நிலை என்று புரிந்துகொள்ளலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அடுத்து வரும் "கற்றுக்கொண்டேன்". தையல் கற்றுக்கொள்கிற மாதிரி, சைக்கிள் கற்றுக்கொள்கிற மாதிரி. விசுவாசத்துக்கு வந்த மறுநாளே அது கையில் இல்லையே என்று உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். பவுலுக்கும் வருஷங்கள் ஆகியிருக்கின்றன.

முதல் வாரம்: அழக் கற்றுக்கொள்ளுங்கள்

சங்கீதங்கள் 150. கத்தோலிக்கர்கள் கையில் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் இவற்றுக்குத் திருப்பாடல்கள் என்று பெயர். இவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். துதிப் புத்தகம் என்று நாம் நினைப்பதில் இத்தனை அழுகை இருக்கிறதென்றால், அழுவதும் ஜெபத்தின் ஒரு பகுதி என்றுதானே அர்த்தம்?

13-ம் சங்கீதத்தில் இருந்து தொடங்குங்கள். ஆறே வசனம். முதல் நாள் சும்மா வாசியுங்கள், சத்தமாக. மனசுக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், நாக்குக்குத்தான் நின்று போகத் தெரியும். இரண்டாம் நாள், அது எப்படி நகர்கிறது என்று பாருங்கள். முதலில் கூப்பிடுகிறார்: கர்த்தாவே. அடுத்து முறையிடுகிறார்: எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நான்கு முறை. பிறகு கேட்கிறார்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசியில்தான், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறார். நாம் செய்யும் தப்பு, கடைசி வரியை முதலில் சொல்லப் பார்ப்பது. நடுவில் உள்ள நான்கு "எதுவரைக்கும்" தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்து, இதே வரிசையில் உங்களுடைய சங்கீதத்தை எழுதுங்கள். இலக்கணம் வேண்டாம், வேதாகமத் தமிழும் வேண்டாம். நான் எழுதியது இப்படித்தான் இருந்தது: "ஆண்டவரே. அம்மாவின் சேலை இன்னும் கொடியில் கிடக்கிறது. எடுக்க முடியவில்லை. எத்தனை நாள் இப்படி? தூக்கம் தாரும். காலையில் அந்தக் கொடியைப் பார்க்கும்போது பக்கத்தில் நில்லும்." நம்பிக்கை என்று எழுத எதுவும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். நீங்களும் விடலாம். வராததை எழுதிப் பக்கத்தை நிரப்புவதைவிட அது நல்லது.

யோவான் 11-ம் அதிகாரத்தையும் இந்த வாரம் வாசித்துவிடுங்கள். இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும், லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு "இயேசு கண்ணீர் விட்டார்". முடிவு நல்லதாக இருக்கப்போகிறது என்பதற்காக நடுவில் உள்ள அழுகையை அவர் தாண்டிப் போகவில்லை.

உடம்பை மறக்காதீர்கள்

1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பாடு. மெல்லிய சத்தத்தில் பேசினது எல்லாம் நாற்பது நாளுக்கு அப்புறம். ஆகவே துன்ப காலத்தில் நேரத்துக்குச் சாப்பிடுவதும் படுப்பதும் ஆவிக்குரிய காரியம்தான். மனம் உடைந்திருக்கும்போது உபவாசம் எடுக்கப் போகாதீர்கள். ஆயரிடமும் வைத்தியரிடமும் கேட்டுக்கொண்டு பிறகு பார்க்கலாம்.

தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. இலங்கையில் 1926. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டேதான் பெரியம்மா 40 வருஷமாக ஜெபிக்கிறார்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து: பிலிப்பியர் நிருபம்

இதில் நாலே அதிகாரம், 104 வசனம். ஒரு மாலையில் உட்கார்ந்து முழுவதையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். இருபது நிமிஷம் போதும். கடிதம் என்றால் அப்படித்தானே வாசிப்போம்? பிறகு வாரத்துக்கு ஓர் அதிகாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், பக்கத்தில் திருவிவிலியத்தையோ எளிய தமிழ்ப் பதிப்பையோ வைத்துக்கொள்ளலாம். பென்சிலால் இரண்டு அடையாளம் போடுங்கள்: சந்தோஷம், மகிழ்ச்சி என்று வரும் இடங்களில் ஒரு வட்டம், கட்டு, உபத்திரவம், துக்கம், கண்ணீர், குறைச்சல் என்று வரும் இடங்களில் ஒரு கோடு. வட்டமும் கோடும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

இதோடு அப்போஸ்தலர் 16-ஐயும் வாசியுங்கள். அந்தச் சபை தொடங்கின கதை அங்கே இருக்கிறது. பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி உட்காவலறையில் கிடக்கிறார்கள். நடுராத்திரியில் ஜெபம் பண்ணித் துதித்துப் பாடுகிறார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு சிறு குறிப்பு வருகிறது. முதுகு எரிய எரியப் பாடின பாட்டு அது. நிருபத்தை முதலில் வாசிக்கக் கேட்டவர்களில் அந்தச் சிறைச்சாலைக்காரனும் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

உங்களால் பாட முடியாவிட்டால் பரவாயில்லை. பாடுகிறவர்கள் நடுவில் போய் உட்காருங்கள். நான் ஆறு ஞாயிறு வாயைத் திறக்காமல், பாட்டுப் புத்தகத்தை மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆறு வாரமும் எனக்காகப் பக்கத்து வரிசை பாடியது.

நன்றி நோட்டு

இதைப் பலபேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் முதல் வாரம் முழுக்க "கிருபைக்கு ஸ்தோத்திரம், இரக்கத்துக்கு ஸ்தோத்திரம்" என்று எழுதி வைத்திருந்தேன். பெரியம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு நோட்டுல வேணாலும் இருக்கும். இன்னைக்கு உனக்கு என்ன தந்தாருன்னு எழுதுட்டி" என்றார்கள்.

சரி, எப்படி எழுதலாம்? இரவு படுக்கும்முன் மூன்று வரி. அன்று கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது, வாயால் ருசித்தது ஏதாவது. "எதிர்வீட்டு அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்தே கொடுத்தாங்க." "பஸ்ஸில் ஜன்னல் சீட்." "மத்தியானம் ஒரு மணி நேரம் அம்மாவை நினைக்கவில்லை, அப்புறம் நினைத்தபோது வலி கொஞ்சம் குறைவு." இப்படி. சொன்னதையே சொல்லக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பகலிலேயே கண் தேட ஆரம்பித்துவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நடந்த தீமைக்காக நன்றி சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18-ல் உள்ளது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், அதற்கு நன்றி சொல் என்று கேட்பது கொடுமை. அந்த வீட்டிலும் நன்றி சொல்ல ஏதோ ஒன்று, ஒருவேளை இரவெல்லாம் கூட உட்கார்ந்திருந்த மதினி, இருக்கக்கூடும். எபேசியரில் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. நெடுநாள் ஆண்டவரோடு நடந்து, திரும்பிப் பார்த்து, தானாக அதைச் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். புதிதாய் வந்த ஒருவருடைய வாயில் அதைத் திணிக்கும் உரிமை நமக்கு இல்லை.

யாரோடு நடப்பது

தனியாக இதைச் செய்ய முடியாது. ஒரே ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா, வீட்டுக்கூட்டத்தில் ஒரு அண்ணன், யாராவது. நன்றாகப் பேசுகிறவரைவிடக் கேட்டுக்கொண்டு உட்காரத் தெரிந்தவர் வேண்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. அந்த ஆளிடம் நேராகக் கேளுங்கள்: "வாரம் ஒருநாள் என்னோடு அரைமணி நேரம் உட்கார முடியுமா? புத்தி சொல்ல வேண்டாம், ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தால் போதும்." இப்படிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள்.

விலக வேண்டிய ஆட்களும் உண்டு. நீ செய்த பாவத்தால்தான் இது வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் ஒரு வகை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் சொன்ன பதில் யோவான் 9-ல் இருக்கிறது. காணிக்கை இவ்வளவு வைத்தால் கஷ்டம் இத்தனை நாளில் தீரும் என்கிறவர்கள் இன்னொரு வகை. அவர்களோடு வாதம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுத்துப் பாருங்கள்

காணிக்கை என்று நான் சொல்ல வருவது வேறு. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்கோ இல்லாதவர்களுக்கோ போகும். அந்த ஒரு பிடியால் யாருக்கும் சோறு குறைந்ததில்லை. 2 கொரிந்தியர் 8-ல் மக்கெதோனியா சபைகளைப் பற்றிப் பவுல் எழுதுகிறார், பிலிப்பியும் அந்த நாட்டு ஊர்தான். கொடிய தரித்திரத்திலும் அவர்கள் "பரிபூரண சந்தோஷத்தினாலே" அள்ளிக் கொடுத்தார்கள் என்கிறார். துக்கத்தில் இருக்கிறவருக்கு உலகம் தன்னுடைய நாலு சுவருக்குள் சுருங்கிப்போகும். ஒரு டம்ளர் அரிசி, ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கும் அரைமணி நேரம், ஏதோ ஒன்று அந்தச் சுவரில் ஜன்னல் திறக்கும். முதல் மாதம் வேண்டாம். மூன்றாம் மாதத்தில் முயன்று பாருங்கள்.

களக்காட்டுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே வீடுகள் கட்டி வளர்த்தார். 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே. வலி விடவில்லை. சுகமாகும்படி ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. படுத்தபடியே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார், எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் "அம்மா" என்று மட்டும் செதுக்கியிருக்கிறது. சுகம் கிடைத்த சாட்சிகளையே கேட்டுப் பழகின நமக்கு, சுகம் கிடைக்காமலே நிறைந்துபோன இந்த மாதிரி வாழ்க்கையும் தெரிந்திருக்க வேண்டும்.

எதுவுமே வராத நாட்கள்

வரும். அந்த நாட்களுக்கு 88-ம் சங்கீதம். தொடக்கம் முதல் முடிவு வரை அதில் ஆறுதலாக ஒரு வரி கிடைப்பது அரிது, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் கர்த்தரைக் கூப்பிட்டுத்தான் அதைச் சொல்கிறார் பாடினவர். அந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். முழங்கால்படியிட முடியாவிட்டால் படுத்துக்கொண்டே, வசனம் நினைவுக்கு வராவிட்டால் "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லோடு. நோட்டில் தேதியை மட்டும் எழுதி மூடிவிடுங்கள்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஆள் வேறு. என் நோட்டில் எட்டு பக்கம் வெறும் தேதி மட்டும் இருக்கிறது. அதற்கடுத்த பக்கத்தில், பெரியம்மா ஊருக்குத் திரும்பிய அன்று, இப்படி எழுதியிருக்கிறேன்: "அம்மா சேலையை மடித்து வைத்தேன். சாயங்காலம் சோப்பு வாசனை. அழுதேன். அப்புறம் அவள் பாடுகிற பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது, இரண்டு சரணம் பாடினேன். மூன்றாவது மறந்துபோச்சு. பெரியம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்க வேண்டும்."